முதலில் ஒரு இழுப்பறை

வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொடுக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை கடையில்தான் ஆரம்பிக்கின்றன. ஒரே அளவில் இருபது கண்ணாடி டப்பா, ஆறு பிரம்புக் கூடை, அதன் மேல் ஒட்ட அச்சடித்த லேபிள். சாமான் பெருத்து மூச்சு முட்டுகிற வீட்டுக்கு முதல் மருந்தே இன்னும் கொஞ்சம் சாமான்! பிறகு ஒரு பெண்மணி புன்னகையோடு பருப்பை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றுவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மதுரையில் தனியாக இருக்கும் என் தங்கை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆடி மாதம் ஒரு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவள், தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் கால் சிக்கி விழுந்தாள். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. பெங்களூரில் இருக்கும் மகன் வந்து பார்த்துவிட்டு, "இந்தக் குப்பைக்கு நடுவுல எப்படி மாமா தனியா விட்டுட்டுப் போறது? பொங்கலுக்கு வரும்போது காலி பண்ணிக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றான். அவன் கவலை நியாயமானது. ஆனால் அவளுக்கு அந்தத் தெருவை விட்டுப் போக விருப்பமில்லை. சென்ற நவம்பரில் நான் போய் பதினோரு நாள் தங்கினேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் தங்கை சோம்பேறி இல்லை. சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். இருநூறு பிள்ளைகளுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாவற்றுக்கும் இருப்புப் பதிவேடு வைத்து, ஒரு கிலோ பிசகாமல் ஆய்வுக்குக் காட்டியவள். அப்படிப்பட்டவள் சொன்னது இது: "அண்ணே, எதைத் தொட்டாலும் அது இன்னொண்ணைக் கூட்டிட்டு வருது. அப்படியே வச்சிடுறேன்."

இதில்தான் விஷயம் இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் எது தேவை, எது வேண்டாம் என்பதை அரசாங்கம் முடிவு செய்துவிடும். அவள் செய்தது ஒழுங்காக வைக்கிற வேலை மட்டும். வீட்டில் அப்படியில்லை. ஒவ்வொரு பொருளும் கையில் வந்து, என்னை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறது. களைப்பு கைகாலில் வருவதில்லை, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் வருகிறது. ஆகவே கேள்வியே கேட்காத பொருளில் தொடங்கி, அதிகம் கேட்கிற பொருளுக்குக் கடைசியில் போவது என்று வைத்துக்கொண்டோம்.

ஜப்பானைச் சேர்ந்த மரி கோண்டோவின் புத்தகம் உலகமெங்கும் விற்றது. முதலில் துணி, பிறகு புத்தகம், பிறகு காகிதம், நினைவுப் பொருள்கள் கடைசி என்பது அவர் வகுத்த வரிசை. பொதுவாக நல்ல வரிசைதான். ஆனால் புருஷனை இழந்தவள் பீரோவைத் திறந்தால் முதலில் கையில் படுவது அவர் சட்டை. துணியே அங்கே நினைவுப் பொருள். (மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு தன் வீட்டிலேயே அவ்வளவு கறாராக இருக்க முடியவில்லை என்று அந்த அம்மாவே 2023இல் சொன்னதைப் படித்தபோது அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.)

நாங்கள் தரையில் தொடங்கினோம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை பன்னிரண்டு எட்டு. அந்தப் பாதையில் இருந்தவற்றை அகற்றினோம், அவ்வளவுதான் முதல் நாள் வேலை. ஒயரைச் சுவரோரமாக ஆணி கிளிப் போட்டு அடித்தேன். ஓரம் சுருண்ட மிதியடி, முக்காலி, பழைய செய்தித்தாள் கட்டு இரண்டு, மாவுக்கட்டுக் காலத்தில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் இடம் மாறின. பிளக்கில் செருகுகிற சின்ன இரவு விளக்கு ஒன்று வாங்கினோம். அரை மணி நேரம். எதையும் தூக்கிப் போடவில்லை, யாரும் அழவில்லை. வீடு ஒதுங்க வைக்க வேண்டும் என்று நினைக்கிற வயதானவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் இன்று ராத்திரிக்குள் செய்துவிடுங்கள்.

மறுநாள் ஒரே ஒரு இழுப்பறை. எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், எந்த இடத்திலும் சேராதது எல்லாம் அதில் சேரும். தங்கை வீட்டு இழுப்பறையில் ரப்பர் பேண்டு, ஊக்கு, எழுதாத பேனா ஒன்பது, உலர்ந்த விபூதிப் பொட்டலம், எதற்கென்று தெரியாத சார்ஜர்கள், பூட்டில்லாத சாவி பதினேழு. இனிப்புக் கடை அட்டைப் பெட்டிகளின் மூடிகளை இழுப்பறைக்குள் தடுப்பாக அடுக்கினேன். அரைக் கிலோ பெட்டி மூடிக்குள் கால் கிலோ மூடி ஒன்றும் தீப்பெட்டிக் கூடு இரண்டும் கச்சிதமாக உட்காரும். கடையில் விற்கிற தடுப்புத் தட்டுகளைவிட இது மேல் என்பேன், பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வெட்டி மாற்றலாம்.

சாவிகளுக்குக் கல்யாணப் பத்திரிகை. கெட்டி அட்டையாகப் பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓட்டை போட்டு நூலில் கட்டினோம். வீட்டிலிருந்த எல்லாப் பூட்டிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஐந்து சாவிக்குப் பூட்டு கிடைத்தது. மீதி பன்னிரண்டும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறாள். சித்திரை வரை யாரும் தேடாவிட்டால் பழைய இரும்புக் கடைக்கு. முடிவெடுக்க முடியாத பொருளுக்கு இது நல்ல உபாயம். முடிவுக்கு ஒரு தேதியை மட்டும் இன்று எடுத்தால் போதும்.

மருந்து டப்பாவைப் பற்றிக் கொஞ்சம். மாப்பிள்ளையின் மாத்திரைகள் அவளுடைய பிரஷர் மாத்திரையோடு ஒரே டப்பாவில் கிடந்தன. அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் போய், காலாவதித் தேதி மட்டும் மிஞ்சும், அல்லது இரண்டுமே போய்விடும். பெயர் தெரியாதது, தேதி தெரியாதது, தேதி கடந்தது மூன்றையும் பிரித்து, தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். இனிமேல் தேதி உள்ள முனையைக் கடைசி வரை கிழிப்பதில்லை என்று ஏற்பாடு.

நாலாவது நாள் சமையலறை. பழைய வீடுகளில் கடப்பைக் கல் அலமாரி ஒன்றரை அடி ஆழம் இருக்கும். முன்வரிசை டப்பாக்கள்தான் கண்ணுக்குத் தெரியும். பின்னால் இருப்பதை மறந்து திரும்ப வாங்குவோம். தங்கை வீட்டில் வெந்தயம் நாலு பாட்டிலில் இருந்தது. இதற்கு நான் செய்தது கொலுப்படி. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தினால் சுமார் நாலரை அங்குல உயரம். அலமாரியின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு செங்கல், நடுவில் ஒன்று, மேலே ஒரு பலகை. செங்கல் தூள் உதிராமலிருக்கப் பழைய காலண்டர் தாளைச் சுற்றிவிட வேண்டும். பின்வரிசை உயர்ந்துவிடும், மூடியெல்லாம் தெரியும். பலகை பரணில் கிடந்த பழைய கட்டிலுடையது. செங்கல் பக்கத்து வீட்டு வாசலில் மிஞ்சிக் கிடந்தவை, கேட்டுத்தான் எடுத்தேன். எண்ணெய் பாட்டில்களை மட்டும் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் சேர்த்து வைத்தோம். தாம்பாளத்தோடு இழுத்துவிடலாம், பிசுக்கும் கல்லில் ஒட்டாது.

ஒன்று மட்டும் மாற்ற விடவில்லை. பருப்பு டப்பா மூடிகளில் மாப்பிள்ளை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார். து.ப., க.ப., உ.ப. அழிந்தும் அழியாமலும் இருந்தது. புது அட்டை ஒட்டலாமா என்றேன். "அவுக கையெழுத்துண்ணே, இருக்கட்டும்" என்றாள். இருக்கட்டும், படிக்க முடிகிறதே.

பிளாஸ்டிக் கவர்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, இனி கிடைக்காது என்று சேர்க்க ஆரம்பித்தவள். அவை கிடைத்துக்கொண்டேதான் இருந்தன, சாக்கு நிறைந்துகொண்டேதான் இருந்தது. விசேஷ வீடுகளில் கொடுத்த மஞ்சப்பையும் ஐம்பதுக்கு மேல். பத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தெருமுனை மளிகைக் கடையில் கொடுத்தாள். யார் யாருடைய கல்யாணப் பெயரோ தாங்கி இப்போது அவை தெருவில் வெண்டைக்காய் சுமக்கின்றன.

காகிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று, மூன்றும் வீண்போகவில்லை. பெட்டி, பெட்ஷீட் மடிப்பு, சாமி படத்தின் பின்புறம், மூன்று பைகள் என எங்கெங்கோ இருந்தவற்றை ஒரு பாயில் கொட்டினோம். படிக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. படித்தால் ஒரு நாளைக்குப் பத்துக் காகிதம்தான் நகரும். மேலோட்டமாகப் பார்த்து ஆள், வீடு, பணம், உடம்பு என்று நாலு ஃபைல். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஆள். பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்புக் காகிதம் எல்லாம் வீடு. மொய் நோட்டு எதில் என்று கொஞ்சம் விவாதம் நடந்தது. பணம் ஃபைலில்தான் என்று அவள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். மதுரைப் பக்கம் அது கடன் பத்திரம்தானே, சரிதான்.

பணம் ஃபைலுக்குப் போன காகிதங்களில் ஒரு வங்கியின் வைப்பு ரசீது இருந்தது. முப்பத்தைந்தாயிரம், மாப்பிள்ளை பெயரில், 2013இல் முதிர்ந்தது. நியமனதாரர் இடத்தில் அவருடைய அம்மா பெயர். அந்த அம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். தங்கை முகம் வாடிவிட்டது, போயிடுச்சா என்றாள். போகவில்லை. பத்து வருஷம் யாரும் கேட்காத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றிவிடும். 2014இல் ஏற்படுத்திய நிதி அது. அதற்குப் பிறகும் உரியவரோ வாரிசோ அதே வங்கியில் கேட்டுப் பெறலாம், சேர வேண்டிய வட்டியும் உண்டு. ரசீதே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் என்ற இணையதளத்தில் இறந்தவர் பெயரைப் போட்டுத் தேடலாம். பல வங்கிகளின் கேட்பாரற்ற கணக்குகள் அதில் தெரியும். நியமனதாரரும் உயிரோடு இல்லாததால் வாரிசுச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்தோம். வந்த காரியத்தோடு அவளுடைய கணக்குக்கும் நியமனத்தைப் புதுப்பித்துவிட்டு வந்தாள். 2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரை போடலாம் என்று விதி வந்திருக்கிறது. மகன் பெயரும் மகள் பெயரும் போட்டாயிற்று.

பரணுக்கு நான் அவளை ஏறவே விடவில்லை, நானும் ஏறவில்லை. கை உடைந்தவளும் எழுபதைத் தாண்டியவனும் ஏணியில் நின்று ஒழுங்குபடுத்த அங்கே என்ன இருக்கிறது? ஆள் பிடித்து இரண்டு மணி நேரத்தில் இறக்கினோம். பாதிக்கு மேல் எவர்சில்வர் பாத்திரம், ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், தேதி, கொடுத்தவர் பெயர். வேறெந்த ஊர்ப் பாத்திரத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறேன். பேர் வெட்டிய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டால் கொடுத்தவரையே கழித்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. "சித்தி குடுத்த குடம்ணே" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வந்தது. கதையைக் கேட்டேன். கழி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, வீடு அவளுடையது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பேரை மொய் நோட்டின் பின்பக்கங்களில் எழுதிக்கொண்டு, பாத்திரத்தைத் தான் வேலை பார்த்த ஊரில், புதிதாகக் குடித்தனம் வைக்கிற பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். பழைய இருப்புப் பதிவேட்டுக்காரி, இன்னாரிடமிருந்து வந்தது, இன்னாருக்குப் போனது என்று இரண்டு கலம்.

அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று பரணிலேயே இருக்கிறது. அந்தப் பழைய படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் உண்டு, தெருவில் வருகிறவரிடம் போட்டால் உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சாக்கடையோரம் கொட்டிவிடுவார். மின்கழிவு எடுக்கிறவர் கிடைக்கும் வரை இருக்கட்டும்.

பீரோவைத் திறக்கவில்லை. அது என் வேலையும் இல்லை.

பதினோரு நாளில் மொத்தச் செலவு இருநூற்று நாற்பது ரூபாய், பரண் ஆள் கூலி தனி. நான் கிளம்பிய பிறகு தினமும் கால் மணி நேரம், காலை காபிக்கும் குளியலுக்கும் நடுவில், ஒரு தட்டு அல்லது ஒரு பை என்று செய்துகொண்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு மகன் வந்தான். முதல் ராத்திரி விளக்கைப் போடாமல் பாத்ரூம் வரை நடந்து பார்த்தானாம். வண்டி சொல்லவில்லை. குளியலறையில் ஒரு கைப்பிடி மட்டும் மாட்டிவிட்டு, வைகாசியில் வந்து மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நேற்று தங்கை போனில் பேசினாள். வங்கியில் இன்னொரு படிவம் கேட்டிருக்கிறார்களாம், அந்த வாரிசுச் சான்றிதழ் எந்த ஃபைல் என்று நான் கேட்பதற்குள் அவளே எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.