பதின்மூன்று எழுத்துகள்

1978-க்கு முன் அச்சான ஒரு நாவலை இன்றைய கல்லூரி மாணவரிடம் கொடுத்துப் பாருங்கள். 'லை' வரும் இடங்களில் எழுத்துக்கு முன்னால் தும்பிக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் தடுமாறுவார், நாலு பக்கம் தாண்டினால் பழகிவிடும். ண, ற, ன மூன்றின் ஆ, ஒ, ஓ வரிசையில் ஒன்பது. ணை, லை, ளை, னை என நான்கு. அந்த ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை இந்த 13 எழுத்துகளே.

கா, சா, தா என்று மற்றவற்றுக்கெல்லாம் கால் போட்டு எழுதும்போது இவற்றுக்கு மட்டும் ஏன் தனிச் சுழி என்று கேட்டவர் பெரியார். படிக்கும் குழந்தைக்கும் அச்சுக்கோப்பவருக்கும் அது வீண் சுமை. யார் அனுமதிக்கும் காத்திராமல் 1935-இலேயே 'குடிஅரசு' இதழில் புது வடிவங்களைப் புகுத்தினார். 1973-இல் அவர் மறையும்போதும் பாடநூல்கள் பழைய வடிவிலேயே இருந்தன. எம்.ஜி.ஆர். அரசின் ஆணை வந்தது 1978 அக்டோபரில்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

எழுத்தில் கை வைத்தால் மொழியே கெட்டுவிடும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்கள் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தில் பிறந்தவை. பாட்டன் காலத்து மாற்றம் மரபாகத் தெரிகிறது, நம் காலத்து மாற்றம் சிதைவாகத் தெரிகிறது.

அதற்காக, மறுத்தவர்கள் எல்லாரும் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது. ஐ, ஔ இரண்டையும் விட்டுவிட்டு அய், அவ் என்றே எழுதலாம் என்றும் பெரியார் சொன்னார். ஆணையில் அது இடம்பெறவில்லை. பின்னாளில் கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி உகர, ஊகார வரிசைகளையும் சீராக்க வேண்டும் என்றார். எதிர்ப்பு வலுத்து, அது நடைமுறைக்கு வரவில்லை. கு, டு, து, ரு இல்லாத வரி தமிழில் அரிது. அவை மாறினால் பழைய நூல்கள் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகிவிடும். 13 எழுத்துகளை ஏற்றதும் சரி, இதை மறுத்ததும் சரி.

முதியவர்கள் பலரின் கையெழுத்தில் தும்பிக்கை 'லை' இன்னும் வாழ்கிறது. தாத்தாவின் கடிதங்களும் நாட்குறிப்பும் வீட்டில் இருந்தால், அந்தப் பழைய வடிவங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.