இரண்டு பழைய கேமராக்களும் வெள்ளகவிப் பாதையும்

கையில் இருந்தது 25,000 ரூபாய். அதற்குள் பாடியும் லென்சும் வாங்க வேண்டும் என்றால் பழசுதான். கேட்டு விசாரித்து, கழித்துக் கழித்து, கடைசியில் இரண்டு மிஞ்சின: நிக்கான் டி7000, கேனான் 60டி. இரண்டுமே 2010இல் வெளிவந்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள்.

"அக்கா, போன்லயே நல்லா வருதே, இது எதுக்கு?" என்று உடன் வேலை பார்க்கும் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு சேரி. சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் கம்பிவேலி போட்டுவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ப் போனில் படம் எடுத்தேன். நாலு பேர் சூழ்ந்தார்கள். போனைப் பிடுங்கி, எல்லாப் படங்களையும் அழித்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் வேலி இல்லை. புகார் எழுதப் போனபோது கேட்ட முதல் கேள்வி, "போட்டோ இருக்கா?"

கேமரா இருந்தால் மட்டும் பிடுங்க மாட்டார்களா? பிடுங்குவார்கள். அதனால்தான் எது வாங்குவது என்று இவ்வளவு யோசித்தேன்.

வத்தலக்குண்டில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர் தன் டி7000ஐ விற்பதாகச் சொன்னார். 60டி என்னுடன் சமூகவியல் படித்த தோழியுடையது. இரண்டுக்கும் 50 எம்.எம். லென்ஸ் இருந்தது. விலையும் கிட்டத்தட்ட ஒன்று. "ரெண்டு நாள் வச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார்கள். அந்த வாரம் முதியோர் உதவித்தொகை மனுக்களுக்காக வெள்ளகவி போக வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டேன். பேட்டரியோடு டி7000 780 கிராம், 60டி 755 கிராம். தாளில் பார்க்கும்போது 25 கிராம் வித்தியாசம். தோளில் இருந்தது லென்ஸ் போக ஒன்றரைக் கிலோ.

வெள்ளகவி தெரியாதவர்களுக்கு: கொடைக்கானலில் இருந்து வட்டக்கானல் வந்து, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிக் காட்டுப் பாதையில் இறங்க வேண்டும். அதே பாதை ஊரைக் கடந்து கும்பக்கரைக்கும் பெரியகுளத்துக்கும் இறங்குகிறது. நான் போன நாளில் வண்டி போகும் சாலை கிடையாது. சாமான்கள் குதிரை முதுகில் வரும். ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் டோலி கட்டித் தூக்க வேண்டும். ஊர் புதியதல்ல. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறி, இன்றைய கொடைக்கானல் பகுதியை அளந்தார். கொடைக்கானல் நகரம் அதற்குப் பின்னால் பிறந்தது. பின்னால் பிறந்த ஊருக்குச் சாலை வந்தது. அளக்க இடம் கொடுத்த ஊர் நடந்துகொண்டே இருந்தது.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். வெள்ளகவியில் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுக்கச் சாமி இருக்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியில் இருந்து வருகிறவர்களும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

நான் குனிந்தேன். கை ஒரு நொடி நின்றது. என் தாத்தா ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். கடைசிவரை, யாரும் கேட்காத தெருவிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், நம்மவர்கள் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது தனிக் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை.

கழற்றினேன். இங்கே எல்லாரும் கழற்றுகிறார்கள், ஒருவர் மற்றவரைக் கழற்றவைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் கல்லில் பதிந்த ஒரு வெறுங்காலைப் படம் எடுத்தபோது தோன்றியது: இந்தக் காலும் என் தாத்தாவின் காலும் படத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். எந்தக் கேமராவும் அந்த வித்தியாசத்தைக் காட்டாது. அதைப் படத்துக்குக் கீழே நாம்தான் எழுத வேண்டும். அன்றிலிருந்து பையில் ஒரு நோட்டும் சேர்ந்துவிட்டது.

இனி கேமராக்கள்.

60டியில் 18 மெகாபிக்சல், டி7000இல் 16.2. இதைப் பெரிதாகப் பேசுவார்கள். மனுவோடு வைக்கும் படத்துக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் இரண்டுமே தேவைக்கு மேல். பேட்டரியும் அப்படித்தான். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டிலும் ஏறக்குறைய ஆயிரம் படங்கள்.

60டியின் பெரிய பலம் அதன் திரை. வெளியே இழுத்துத் திருப்பலாம். கேமராவை இடுப்பளவில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசியபடியே எடுக்கலாம். திரையை அவர் பக்கமே திருப்பிவிட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார். மனு எழுதவந்த ஒரு பாட்டியிடம் அப்படித்தான் காட்டினேன். திரையைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

எழுபதைத் தாண்டியவர். பிறகு சொன்னார்: "ஏம்மா, மேல இருந்து வர்ற பிள்ளைக எல்லாம் போட்டோ புடிச்சிட்டுத்தான் போகுதுக. கொண்டாந்து குடுத்தது ஒண்ணுமில்ல."

எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் படிக்கும்போது எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளைப் புரட்டியிருக்கிறோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கை அளந்தார், தலையை அளந்தார், நிற்கவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை, சாதி மட்டும் இருக்கிறது. நம் முகங்கள் படமாகாமல் போகவில்லை. எடுத்த படங்கள் நம்மிடம் வரவில்லை, அவ்வளவுதான். இன்று அது மாறுகிறது. தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் பழனிகுமார், மீன் விற்கும் தாயின் மகன். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவருடையது. கேமரா யார் கைக்கு வருகிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கியது. பின்னால் எல்லாம் வெள்ளை, முன்னால் கறுத்த முகங்கள். கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளவி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளை அதிகம் என்றால் ஒளியைக் குறைத்துவிடும். முகம் நிழலாகிவிடும். கல்யாண ஆல்பங்களில் நம் வீட்டாள்கள் ஒன்று கரிக்கட்டையாக இருப்பார்கள், இல்லையென்றால் மாவு பூசி வெளுத்திருப்பார்கள். பிலிம் காலத்திலேயே இந்தக் கோளாறு உண்டு. கலர் லேப்களில் தோல் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி கார்டு' என்ற அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள்.

பாட்டியை இரண்டு கேமராவிலும் அதே இடத்தில், அதே அளவில், ரா ஃபைலாக எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நிழலை ஏற்றிப் பார்த்தேன். 60டியின் படத்தில் கன்னத்துச் சுருக்கங்களுக்கிடையே புள்ளிபுள்ளியாக, கோடுகோடாக அழுக்கு. டி7000இல் தோல் தோலாகவே வெளியே வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த பச்சைக்குத்துகூடத் தெரிந்தது. நிழலில் விவரம் பிடிப்பதில் டி7000இன் சென்சார் மேல் என்று படித்திருந்தேன். பாட்டியின் முகத்தில்தான் அது புரிந்தது.

முடிவைத் தீர்மானித்தது இன்னொன்று. டி7000இல் இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி வைக்கலாம். 60டியில் ஒன்றுதான். ஓர் இடத்துக்குப் போகிறோம், எடுக்கிறோம், ஒரு கார்டைக் கழற்றி உடன் வந்தவர் கையில் கொடுத்து முன்னால் அனுப்பிவிடுகிறோம். கேமரா போனாலும் படம் போகாது. வேலி போட்ட நாளில் எனக்கு இது இருந்திருக்க வேண்டும்.

டி7000ஐ வாங்கினேன். திரும்பும் திரை இல்லை என்ற குறை இன்னும் இருக்கிறது. படம் எடுத்தவுடன் எழுந்து போய், கேமராவைத் திருப்பிக் காட்டுகிறேன். கேமராவுக்குச் செலவழித்தது போக 2,000 ரூபாயைப் பிரிண்ட் போட ஒதுக்கினேன். இனி எந்தக் கேமரா வாங்கினாலும் பிரிண்ட் செலவும் கேமராவின் விலையில் சேர்ந்ததுதான்.

உங்களில் யாராவது களப்பணிக்குப் பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். டி7000இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறைக்கும், 60டியினுடையது ஒரு லட்சம் முறைக்கும் சோதிக்கப்பட்டது. நிக்கானில் அந்த எண்ணிக்கை படத்தின் ஃபைலிலேயே பதிவாகியிருக்கும். நான் வாங்கியது 62 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் இருந்த லென்சுக்கு அது கட்டாயம். தேதியையும் நேரத்தையும் முதல் நாளே சரியாக வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் படத்தின் நகலைச் சாட்சியமாக வைக்கும்போது எந்தக் கருவியில் உருவானது என்ற விவரத்தோடு சான்றிதழும் தர வேண்டும். தப்பான தேதி வழக்கையே கெடுக்கும். எடுத்த ஃபைலைத் திருத்தாமல் அப்படியே வைத்திருங்கள். திருத்துவதெல்லாம் நகலில்.

அடுத்த மாதம் மறுபடி இறங்கினேன். பையில் ஒரு கேமரா, பிளாஸ்டிக் உறையில் பதினெட்டுப் படங்கள். எல்லையில் செருப்பைக் கழற்றினேன். பாட்டி தன் படத்தை வாங்கித் தூரமாகப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"எங்க ஆத்தா மாதிரியே இருக்கேன்" என்றார். "அவுகளுக்குப் போட்டோவே கெடையாது."

பிறகு, பெரியகுளத்தில் இருக்கும் மகளுக்கு இன்னொன்று வேண்டும் என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.