எழுத்தர் மேல் ஏறிய பிழை

பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதிக்கு எழுந்த உரைகளுள் ஒன்றின் கையெழுத்துப்படியை, புனேயில் ஆய்வு மாணவி ஒருவர் மின்பதிப்பாக ஆக்கிக்கொண்டிருந்தார். அச்சு வரைவு ஆயத்தமான வாரத்தில் ஒரு கணக்கு அவரைத் தடுத்து நிறுத்தியது. 12, 14 எனும் இரண்டைக் கூட்டினால் 34 என்றது வரைவு. 26 அன்றோ வரவேண்டும்? நெறியாளர் பார்த்தார்; படியெடுத்தவர் அயர்ந்துவிட்டார் என்றார். "எழுத்தரின் கூட்டல் பிழை" என்று அடிக்குறிப்பும் எழுதப்பட்டது.

அன்றிரவு மாணவி அந்த ஏட்டின் ஒளிப்படத்தைத் திறந்தார். அதில் 12 இல்லை. ஒன்றின் கீழ் இரண்டு இருந்தது. அடுத்து ஒன்றின் கீழ் நான்கு. விடையாக மூன்றின் கீழ் நான்கு. அரையும் காலும் கூடினால் முக்கால். பழைய கணிதச் சுவடிகளில் பின்னத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடையே கோடு இடும் வழக்கம் இல்லை. எழுத்தர் சரியாகவே எழுதியிருந்தார். பிழை நிகழ்ந்தது கணினியில். அதுவும் மாணவியின் கையால்.

பதிப்புக்கு அவர் பயன்படுத்தியது டி.இ.ஐ. எனப்படும் உரைக் குறியீட்டுத் தரம். 1987-இல் தொடங்கிய இம்முயற்சி, 2007-இல் வெளிவந்த பி5 பதிப்பிலிருந்து தனக்கென ஒரு பெயர்வெளியைக் கொண்டுள்ளது. அதிகாரம், செய்யுள், அடித்தல், திருத்தம் ஆகியவற்றுக்கெல்லாம் அதில் உறுப்புகள் உண்டு. கணித வாய்பாட்டுக்கு ஃபார்முலா என்னும் உறுப்பு உண்டு. ஆனால் பின்னத்தின் உள்ளமைப்பைச் சொல்லும் சொற்கள் இல்லை. அச்சொற்கள் மேத்எம்எல் என்னும் வேறொரு தரத்தில் 1998 முதல் இருக்கின்றன. உள்ளதை மீண்டும் படைப்பதைவிட இரவல் வாங்குவதே முறை. இரவல் சொல் எந்த வீட்டுச் சொல் என்பதை அறிவிப்பதற்காகவே 1999-இல் எக்ஸ்எம்எல் பெயர்வெளி விதிகள் வகுக்கப்பட்டன.

மாணவி இரவல் வாங்கினார், வீட்டை அறிவிக்கவில்லை. மேத்எம்எல்லில் பின்னத்தைக் குறிக்கும் எம்ஃபிராக் உறுப்பை, பெயர்வெளி எதுவும் குறிப்பிடாமல் ஃபார்முலாவுக்குள் இட்டார். முன்னொட்டு இல்லாத உறுப்பு, தன்னைச் சூழ்ந்துள்ள இயல்புப் பெயர்வெளியையே சேரும். எனவே அது எழுத்தால் எம்ஃபிராக், குடியால் டி.இ.ஐ. ஆயிற்று. அப்படி ஓர் உறுப்பு டி.இ.ஐ.யில் கிடையாது. சரிபார்ப்பு நிரல் உடனே அதைச் சுட்டியது. அவர் செய்த இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது: ஸ்கீமாவைத் திறந்து, எம்ஃபிராக்கை டி.இ.ஐ.யின் சொந்த உறுப்பாகவே சேர்த்துவிட்டார். சிவப்புக் கோடுகள் மறைந்தன. புதிதாகச் சேர்க்கும் உறுப்பை டி.இ.ஐ. பெயர்வெளிக்குள் வைக்கலாகாது என்பது அத்தரத்தின் விதி. அவர் அதைப் படித்திருக்கவில்லை.

அடுத்தது உருமாற்றம். எக்ஸ்எஸ்எல்டி நிரல், தனக்கு வார்ப்புரு எழுதப்படாத உறுப்பைக் கண்டால் பிழை சொல்லி நிற்பதில்லை. குறியை உதறிவிட்டு உள்ளே இருக்கும் எழுத்துகளை மட்டும் வெளியே அனுப்பும். அதன் உள்ளமைந்த விதி அது. உரைநடையில் இவ்விதி ஒரு வரம். அறியாத குறி வந்தாலும் சொல் இழப்பு இல்லை. பின்னத்திலோ எண்கள் எஞ்சின, அவற்றின் உறவு போயிற்று. மூன்றின் கீழ் நான்கு, முப்பத்து நான்காயிற்று.

அயற்சொல்லை எதிர்கொள்ளும் முறை எங்கும் ஒன்றல்ல. 2005-இல் வெளியான ஆட்டம் செய்தியோடைத் தரம் இதை இடம் பார்த்துப் பிரிக்கிறது. அறியாத குறி பதிவின் நேர் உறுப்பாக வந்தால், அதன் உள்ளடக்கத்தோடு கடந்து செல்லலாம். உரைப்பகுதிக்குள் வந்தால், குறியை விட்டு எழுத்தைக் காக்க வேண்டும். சோப் செய்தி நெறியில், "கட்டாயம் புரிந்துகொள்" என்று தலைப்பகுதி ஒன்றைக் குறிக்க முடியும். புரியாத நிரல் பிழை அறிவித்து நின்றுவிட வேண்டும். கடந்து செல்லல், எழுத்தைக் காத்தல், நின்றுவிடல் என்னும் மூன்றனுள் பின்னத்துக்குப் பொருந்துவது மூன்றாவது மட்டுமே.

வடசொல்லை ஏற்கும்போது வடவெழுத்தை நீக்கி ஏற்கச் சொன்னார் தொல்காப்பியர். பேசும் மொழிக்கு அது தகும். விருந்தாளி வீட்டு மனிதராகிவிடுவார். பெயர்வெளி காட்டுவது மறுவழி. அயற்சொல் தன் ஊர்ப்பெயரோடே வந்து தங்கும். அதற்குப் பொருள் சொல்லும் உரிமை அந்த ஊருக்கே உரியது. மாணவி இரண்டாவது வழிக்குரிய இடத்தில் முதல் வழியைக் கையாண்டிருந்தார்.

திருத்தம் மூன்று நாளில் முடிந்தது. ஸ்கீமாவில் தாம் சேர்த்ததை நீக்கி, மேத்எம்எல்லின் ஸ்கீமாவையே ஃபார்முலாவுக்குள் இணைத்தார். ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் அதன் பெயர்வெளியை அறிவித்தார். ஏட்டில் உள்ளபடியே தெரிய, பின்னக்கோட்டின் தடிமனைச் சுழியாக்கினார். பெயர்வெளியை அறிவித்தால் மட்டும் போதாது. உருமாற்று நிரல் அப்போதும் எண்களை ஒட்டவே செய்யும். ஆகையால் வாய்பாடுகளை அப்படியே படியெடுக்கும் வார்ப்புரு ஒன்றையும், அறியாத பெயர்வெளி வந்தால் வேலையை நிறுத்தும் வார்ப்புரு ஒன்றையும் எழுதினார். பிறகு பின்னங்கள் அனைத்தையும் ஒளிப்படத்தோடு ஒப்பிட்டார்.

இறுதியாக அந்த அடிக்குறிப்பை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் சென்று, நடந்ததைச் சொன்னார். நெறியாளர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த மனிதரால் வந்து மறுத்துச் சொல்ல முடியாது அம்மா. நல்லவேளை, நீங்கள் போய்ப் பார்த்தீர்கள்" என்று கூறி, குறிப்பைத் தம் கையாலேயே அடித்தார்.