தாத்தா போட்ட மார்க்

முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பில் 'மார்ட்டிஸ் அண்ட் டெனான்' இணைப்பைக் கச்சிதமாகச் செய்து பாராட்டு வாங்கியவன் நான். அந்தத் தைரியத்தில்தான் தாத்தாவின் ஸ்டூலில் கை வைத்தேன்.

மதுரை புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் தாத்தா அங்கே தையல் மெஷின் போட்டிருந்தவர். இப்போது வீட்டிலேதான் தைக்கிறார். அந்தத் தேக்கு ஸ்டூலில் ஒரு கால் ஆடியது. "நான் பாத்துக்கிறேன் தாத்தா" என்று இடுக்கில் வெள்ளைப் பசையை ஊற்றி, ஆணி ஒன்றும் அடித்தேன். மறுவாரமே கால் கழன்று தாத்தா விழுந்துவிட்டார். அடி பெரிதில்லை. ஆனால் ஸ்டூலைப் பார்த்தாலே தயங்கினார். மெஷின் ஐந்து நாள் ஓடவில்லை.

எதிர்வீட்டு ஆசாரி மாமா ஸ்டூலைப் புரட்டிப் பார்த்தார். "ஏண்டா, மெஷின் எண்ணெய்ப் பிசுக்கு மேல பசையத் தடவுனா எப்படிடா பிடிக்கும்? மரமும் வத்திப்போச்சு. கழுந்துக்கும் துளைக்கும் நடுவுல சந்து கெடக்கு பாரு."

அப்போதுதான் புரிந்தது. வெள்ளைப் பசை தண்ணீரை இழந்து இறுகுவது. இறுகும்போது சுருங்கும், சந்தை நிரப்பாது. எபாக்ஸி அப்படியல்ல. ரெசினும் ஹார்டனரும் வேதிவினையால் சேர்ந்து கெட்டியாகின்றன. சுருக்கம் மிகக் குறைவு. இறுகிவிட்டால் மறுபடி பிரிப்பதும் கஷ்டம்.

ஆணியைப் பிடுங்கி, இணைப்பை முழுவதும் கழற்றினேன். பழைய பசையை உளியால் சுரண்டி, தின்னரால் எண்ணெயைத் துடைத்து, உப்புத்தாள் போட்டேன். அரால்டைட்டின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கிக் கலந்தேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டப் போனேன். "கூட்டுனா பலம் கொறையும்டா" என்று மாமா தடுத்தார். கொஞ்சம் மரத்தூளும் சேர்த்துக் கழுந்திலும் துளையிலும் பூசிப் பொருத்தினேன். பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, நாலு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று பார்த்து, 24 மணி நேரம் தொடாமல் வைத்தேன்.

நண்பர்களே, ஒட்டும் வேலை பத்து நிமிஷம்தான். சுத்தம் செய்யத்தான் அரைநாள் ஆனது. முதல் தடவை நான் விட்டது அந்த அரைநாளைத்தான்.

மறுநாள் நானே முதலில் உட்கார்ந்து ஆட்டிக் காட்டினேன். அதன்பிறகும் தாத்தா ஓரமாகத்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நன்றாகச் சாய்ந்து மிதிபலகையில் கால் வைத்தார். மெஷின் சத்தம் கேட்டது. எனக்கு அன்றைக்குத்தான் கார்ப்பென்டரி பாஸ்.