குக்குலு: மூலிகைதானேன்னு...

குக்குலுவை டுபாக்கூர்னு ஒதுக்கிட முடியாது மக்களே. ராஜஸ்தான், குஜராத் பக்கம் வறண்ட நிலத்துல வளர்ற முள்செடியோட பிசின் அது (நம்ம ஊர்க் குங்கிலியம் வேற). சுசுருத சம்ஹிதையில துப்பு பிடிச்சு, 1966ல பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வேட்டுக்காக ஜி.வி.சத்யவதி முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. கொழுப்பு குறைஞ்சுது. அப்புறம் லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை மருந்தாவே ஆக்கிடுச்சு.

ஆனா 2003ல வெளியான அமெரிக்க ஆய்வு வேற கதை. 103 பேர், எட்டு வாரம். குக்குலு எடுத்தவங்களுக்குக் கெட்ட கொழுப்பு 4-5 சதவீதம் ஏறியிருந்தது! மருந்தில்லாத டம்மி மாத்திரை எடுத்தவங்களுக்கு 5 சதவீதம் இறங்கியிருந்தது. சிலருக்குத் தோல்ல தடிப்பு வேற.

இதெல்லாம் எதுக்குன்னா, ஊர்ல அப்பா ஸ்டாட்டினை நிறுத்திட்டு இதுக்கு மாறப்போறாராம். "மூலிகைதானேடா, கெமிக்கலா என்ன?" ஹாலேல நாள் பூரா செடியிலேர்ந்து கெமிக்கல் பிரிச்சுக்கிட்டிருக்கற என்கிட்டயா :-) ஸ்டாட்டினே 1970கள்ல ஜப்பான்ல அகிரா எண்டோ பூஞ்சையிலேர்ந்து கண்டுபிடிச்சதுதான்னேன். மசியல.

என் பயமே வேற. அவர் பி.பி.க்கு டில்டியாசெம் போடறார். குக்குலு சேர்ந்தா அந்த மருந்து ரத்தத்துல சேர்ற அளவு குறையுதுன்னு ஆட்களை வச்சே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்தக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லியாச்சு. மாத்திரை டப்பா அவங்க கன்ட்ரோல்ல.