அளவுகோலும் அப்பத்தாவும்

நுழையும்முன்

பயணம் புதிய இடங்களைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. பழகிய வாழ்வையும் புதிய கண்கொண்டு பார்க்க வைக்கிறது. தமிழகக் கடற்கரையில் பிறந்த மூதாட்டி ஒருவர், வேற்றுநாட்டுக் கடலோரத்தில் பெற்ற பட்டறிவைக் கூறுகிறது இக்கட்டுரை.

ஜனவரித் திங்கள் ஆஸ்திரேலியாவில் கோடைக்காலம்; பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில் வாழும் தமிழ்க்குடும்பம் ஒன்று, கடலோரமாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் கேரவனே ஒரு வாரத்திற்கு அவர்களது வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த்தொட்டி அனைத்தும் அதனுள் அடக்கம். தந்தை, தாய், பன்னிரண்டு வயது மகள் ஆகியோருடன், இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்திருந்த அப்பத்தாவும் சென்றார். அவர் மடியில் மிளகும் சீரகமும் பூண்டும் நிறைந்த பை இருந்தது.

பெர்த்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் மாண்டுரா நகர் உள்ளது. அங்குள்ள பீல்-ஹார்வி கழிமுகம் பரந்தது; ஆழம் குறைந்தது. முழங்காலளவு நீரில் நடந்து, நீண்ட காம்புடைய கைவலையால் நண்டு பிடிப்பது அவ்வூர்க் கோடையின் வழக்கம். நண்டு மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு கண்களை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். காலடி அதிர்ந்தால் பக்கவாட்டில் மின்னலெனப் பாயும். பாயும் திசையறிந்து வலையை வீச வேண்டும்.

மகன் இருமுறை தவறவிட்டான். அப்பத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீரில் இறங்கினார். அந்நண்டு பாக் விரிகுடாவில் கிடைக்கும் நீலக்கால் நண்டின் நெருங்கிய உறவினம். மணல் அசையும் இடம் அவர் கண்ணுக்குத் தப்புமா? சிறிது நேரத்தில் வாளியில் ஏழு நண்டுகள் சேர்ந்தன. எட்டாவதாகச் சிக்கியது அனைத்திலும் பெரியது.

பேத்தி அதனைப் புரட்டிப் பார்த்தாள். அடிவயிற்றில் மஞ்சள் பஞ்சுபோல் முட்டைத்திரள் ஒட்டியிருந்தது.

“சினை நண்டு! இதன் சுவைக்கு ஈடு உண்டா?” என்று அப்பத்தா முகம் மலர்ந்தார்.

“இதை விட்டுவிட வேண்டும், அப்பத்தா” என்றாள் பேத்தி.

கையிலிருந்த அளவுகோலைக் காட்டி அவள் விளக்கினாள். ஓட்டின் இருமுனை முட்களுக்கு இடையே 127 மில்லிமீட்டருக்குக் குறைந்த நண்டை எடுக்கக் கூடாது. சினை நண்டு எவ்வளவு பெரிதாயினும் எடுக்கக் கூடாது; ஒரு நண்டு சுமப்பது இலட்சக்கணக்கான முட்டைகள். அக்கழிமுகத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நண்டு பிடிப்பதற்கே தடையும் உண்டு.

“இங்கே யார் பார்க்கிறார்கள், தாயி?”

“யாரும் பார்க்கவில்லை, அப்பத்தா.”

தந்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அன்னைக்குப் பிடித்தமானதைக் கடல்கடந்து வந்த இடத்தில் மறுக்க அவனுக்கு மனம் வரவில்லை. மகளைத் தடுக்கவும் இயலவில்லை.

அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பின்பு மெல்லச் சொன்னார்: “நம் ஊரிலும் தடைக்காலம் உண்டு. ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகு கரையில் கிடக்கும்; படகோடு வயிற்றையும் கட்டிப்போட வேண்டும். இங்கே இதை விட்டால் இரவுச் சோற்றில் ஒரு நண்டு குறையும். அங்கே விட்டால் உலையில் அரிசி குறையும். அதனால்தான் அகப்பட்டதை எல்லாம் அள்ளினோம். என் சிறுவயதில் கூடைகூடையாக வந்த நண்டு, உன் தாத்தா காலத்தில் கையளவாகச் சுருங்கிப்போனது.”

அவரே குனிந்து நண்டை நீரில் விட்டார். அது மணலைக் கிளப்பிவிட்டு மறைந்தது.

அன்று மாலை கேரவன் நிறுத்துமிடத்தில் சமையல் நடந்தது. அம்மி இல்லை. மிளகையும் சீரகத்தையும் துணியில் முடிந்து கண்ணாடிப் புட்டியால் உருட்டிப் பொடித்தார் அப்பத்தா. நல்லெண்ணெயில் பூண்டு சிவந்து, நண்டும் மிளகும் சேர்ந்ததும் அடுத்த வண்டியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தனர். அவர்கள் நண்டை உப்புநீரில் வெறுமனே அவித்திருந்தனர். தட்டுகள் இருபுறமும் கைமாறின; மொழி தெரியாதது எவருக்கும் குறையாகப்படவில்லை.

பயணம் தொடர்ந்தது. பஸ்ஸல்டன் நகரில் 1841 மீட்டர் நீளமுடைய மரப்பாலம் கடலுக்குள் நீள்கிறது. இறால் வடிவிலமைந்த தூண்டிலால் அங்கே கணவாய் பிடித்தனர். தென்மேற்குக் கோடியிலுள்ள லூவின் முனைக் கலங்கரை விளக்கத்தைக் கண்டு திரும்பினர்.

ஊர் திரும்பும் நாள் வந்தது. பெட்டியை அடுக்கும்போது அப்பத்தா அந்த அளவுகோலைக் கேட்டார்.

“அது இந்த ஊர் நண்டுக்கானது, அம்மா. நம் கடலுக்கு அளவு வேறு” என்றான் மகன்.

“அளவு வேறாக இருக்கட்டும், அப்பா. அளக்கும் பழக்கம் ஒன்றுதானே” என்றபடி, காலியான மிளகுப் பைக்குள் அதனை வைத்துக்கொண்டார் அவர்.

கற்பவை கற்றபின்

‘இங்கே ஒரு நண்டு குறையும், அங்கே உலையில் அரிசி குறையும்’ என்னும் அப்பத்தாவின் கூற்றைக் கொண்டு, கடல்வளப் பாதுகாப்பும் மீனவர் வாழ்வும் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.