பழவேற்காட்டு ஓலைப் பெட்டியும் தேர்வாய்கண்டிகைக் காடும்

கும்மிடிப்பூண்டி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? புகைபோக்கி, இரும்பு ஆலை, வரிசை வரிசையாக லாரி. "லீவு நாளில் அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கு?" என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். நிறைய இருக்கிறது, சகோதரிகளே! மரத்தையும் காட்டையும் அழிக்காமல் உபயோகிப்பது எப்படி, அழித்துவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று புத்தகம் படிக்காமலே தெரிந்துகொள்ள, திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூலையைப் போல வேறு இடம் கிடைப்பது அபூர்வம்.

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் ஏறினால், ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் பிரயாணம். எண்ணூர் வரை ஒரே தொழிற்சாலை மயம். கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று போகப் போக வயல், ஏரிக்கரை, பனை மரம் எல்லாம் கண்ணில் படும். பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே பஸ் பிடித்தால் பழவேற்காடு. மேற்கே ஆந்திர எல்லைப் பக்கம் போனால் தேர்வாய்கண்டிகை. இரண்டையும் பார்க்க வேண்டும்.

வெட்டவே வளர்க்கும் மரம்

கடற்கரையை நெருங்க நெருங்க, மணலில் சவுக்குத் தோப்புகள் வரும். காற்றடித்தால் 'உஸ்' என்று அலை மாதிரியே ஒரு சப்தம்! சவுக்கு நம் ஊர் மரம்தான் என்று நினைத்திருக்கிறோம் இல்லையா? சென்னைப் பக்கத்தில் அது பெருவாரியாகப் பரவியது 19-ம் நூற்றாண்டில். ரயில் எஞ்சின்கள் விறகில் ஓடிய காலம் அது. சுற்றுவட்டாரக் காடுகளை வெட்டித் தீர்த்துவிட்டால் அப்புறம் எஞ்சினுக்கு என்ன போடுவது? அதனால் சீக்கிரம் வளரும் சவுக்கை மணலில் நட்டுத் தோட்டம் போட்டார்கள்.

இன்றும் சவுக்கு, பயிர் மாதிரிதான். மூன்று முதல் ஐந்து வருஷத்தில் வெட்டலாம். பந்தல் கால், சாரக் கம்பு, காகிதக் கூழ், அடுப்பு விறகு, எல்லாவற்றுக்கும் ஆகும். அதன் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் வெறும் மணலிலும் வளர்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, காற்றுக்கும் அலைக்கும் தடுப்பாகத் தமிழகக் கடற்கரையில் இன்னும் நிறைய நட்டார்கள். உதிரும் சவுக்கு மிலாறு ஏழை வீட்டு அடுப்புக்குப் போகிறது.

ஆகவே, மரம் வெட்டுவதே பாவம் என்பதில்லை. வெட்டுவதற்கென்று வளர்த்து, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் காட்டின் மேல் இருக்கும் பாரம் குறையும். ஆனால் தோப்பு வேறு, காடு வேறு. சவுக்குத் தோப்பில் களாக்காயும் கிடைக்காது, கைமருந்துக்குப் பச்சிலையும் கிடைக்காது!

வெட்டாமல் எடுக்கும் மரம்

பழவேற்காடு என்ற பெயரையே 'பழைய வேர்க்காடு' என்று பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சிற்பம் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். ஏரியோ, இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது.

ஆனால் பெண்களாகிய நாம் தேடிப் பார்க்க வேண்டியது ஓலை வேலை. இங்குள்ள முஸ்லிம் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பனங்குருத்தோலையில் பெட்டி, கூடை, தட்டு முடைகிறார்கள். குருத்தோலையைக் காயவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, சாயம் ஏற்றிப் பின்னுவது லேசுப்பட்ட வேலையா? ஒரு பெட்டியைக் கையில் எடுத்து விளிம்பைப் பாருங்கள். பிசிறு இருக்காது!

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பனையில் புது ஓலை ஏறக்குறைய மாசத்துக்கு ஒன்று என்ற வேகத்தில்தான் வரும். வருகிற குருத்தையெல்லாம் அறுத்துவிட்டால் மரம் இளைத்துப்போகும். ஒன்றை எடுத்து, மற்றதை விரிய விட்டால் பல தலைமுறைக்குக் கொடுக்கும். எவ்வளவு பசித்தாலும், உறைக்கு ஒரு கரண்டி மோர் எடுத்து வைக்காமல் நாம் தயிரைக் காலி பண்ணுவோமா? அதே புத்திதான்.

பனை காய்ப்புக்கு வரவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நுங்கு, பதநீர், கருப்பட்டி, கிழங்கு, கூரைக்கு ஓலை, கட்டுக்கு நார், குளத்துக் கரைக்குப் பிடிமானம் என்று அத்தனையும் தருகிற மரத்தைச் சொற்ப விலைக்குச் செங்கல் சூளை விறகாக விற்றுவிடுகிறார்கள். சூளையில் அது எத்தனை நேரம் எரியும்? தமிழ்நாட்டின் மாநில மரம் இது. 2021-ல்தான் தமிழக அரசு, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் இருந்தாலும், ஓலைக்கு நல்ல விலை கிடைத்தால்தான் மரத்துக்காரருக்கு அதை விட்டுவைக்க மனசு வரும்.

ஊரே காத்த காடு

இனி மேற்கே போவோம். கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இருக்கிறது தேர்வாய்கண்டிகை. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் கிராமம். ஊரை ஒட்டி 1,100 ஏக்கருக்கும் மேல் புதர்க்காடு இருந்தது. ஆடு மாடு மேய்ந்தது அங்கே. சுள்ளி பொறுக்கியது, பழமும் மூலிகையும் பறித்தது அங்கே. காட்டில் விழுந்த மழைதான் ஓடி வந்து ஏரிகளை நிரப்பியது. ஊர் ஜனங்கள் தலைமுறையாகப் பார்த்துக் காத்து வந்தார்கள்.

ஆனால் அரசாங்கக் கணக்கில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'மேய்க்கால் புறம்போக்கு'. வரி வராத நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். ஒரு பயனும் இல்லாத ஆளை அந்த வார்த்தை சொல்லியே திட்டுகிறோம், பாருங்கள்! வரி வராவிட்டால் என்ன? பாலும் விறகும் மருந்தும் வந்ததே! காசு கொடுக்காமல் கிடைத்ததால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நாள் முழுக்க நாம் செய்கிற வீட்டு வேலை 'சும்மா இருக்கா' என்ற கணக்கில் போவதில்லையா, அந்த மாதிரி!

அந்த நிலத்தைத் தொழிற்பேட்டைக்காக சிப்காட் எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் நாட்டு மிஷலின் டயர் கம்பெனி அங்கே தொழிற்சாலை கட்ட 2009-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள். போராட்டம் நடந்தது, கோர்ட்டுக்கும் போனார்கள். 2012-ல் பிரான்சிலேயே, வெளிநாடுகளில் தொழில் செய்யும் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் அரசு அமைப்பிடம் முறையிட்டார்கள். கம்பெனி சர்வதேச நெறிமுறைகளை மீறவில்லை என்று 2013-ல் பதில் வந்தது. சில பரிந்துரைகளும் கூடவே வந்தன. காடு திரும்பவில்லை.

தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். நாம் போகிற பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும் டயர் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மேய்ச்சல் போனால் மாட்டுக்காரி தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சுள்ளி போனால் அடுப்பெரிக்கக் காசு, பச்சிலை போனால் வைத்தியத்துக்குக் காசு. டயர் ஆலையில் அவளுக்கே ஒரு வேலை கிடைத்தால் ஒழிய, இந்தக் காசு எங்கிருந்து வரும்? காட்டுக்கு விலை போடும்போது இந்தச் சமையலறைக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டாமா?

அதே 2009-ல்தான் பொருளாதார நோபல் பரிசு முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார்தான் அவர். பொதுவில் இருக்கும் காடு, மேய்ச்சல் நிலம், தண்ணீர் இவற்றை ஜனங்கள் பாழாக்கித்தான் விடுவார்கள் என்று பலரும் சொல்லிவந்தார்கள். அப்படி இல்லை, யார் எவ்வளவு எடுக்கலாம் என்று தாங்களே விதி போட்டுக்கொண்டு, மீறினால் தட்டிக் கேட்கவும் செய்தால் ஊராரே நன்றாகக் காப்பாற்றுவார்கள் என்று பல நாட்டு உதாரணங்களுடன் அவர் காட்டினார். நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது!

இன்னொரு செய்தி, சென்னைவாசிகளுக்கு. கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து அரை டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும் நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னையின் குடிதண்ணீருக்காகக் கட்டியது. எங்கோ ஒரு மூலையில் இருக்கிற காட்டுக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று இனிமேல் கேட்க முடியாது.

நாம் செய்யக் கூடியது

* பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில், உலர்ந்த சாமான், வளையல், தையல் பொருள் வைக்க ஓலைப் பெட்டி வாங்குங்கள். ஈரம் படாமல் உலர்ந்த துணியால் துடைத்து, சாயம் வெளுக்காமலிருக்க நிழலில் வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

* "இத்தனூண்டு பெட்டிக்கா இவ்வளவு விலை?" என்று பேரம் பேசாதீர்கள். அந்த விலையில்தான் பனை பிழைக்கிறது.

* கோடையில் நுங்கும், சீசனில் களாக்காயும் தெருவில் வந்தால் விடாதீர்கள். களாக்காயைக் கீறி விதை எடுத்து, உப்பு, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய் சேர்த்து ஊறுகாய் போட்டுப் பாருங்கள்! பறித்து வருகிறவர்களுக்கு அது கைக்காசு.

* உங்கள் ஊரில் புறம்போக்கு நிலம், ஏரிக்கரை, தோப்பு எது மிச்சம் இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். கிராம சபை கூடும் நாளில் போய் உட்காருங்கள். அதை வைத்துப் பிழைக்கிற பெண்கள் பேசும்போது நாலு பேர் கூட இருந்தால் அவர்களுக்குத் தெம்பு.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள். குழந்தைகளுக்குத் தொப்பியும், குடிக்கத் தண்ணீரும், கட்டுச் சாதமும் அவசியம். பறவைகள் பார்க்க மார்கழி, தை மாதங்கள் நல்லது. படகுச் சவாரி ஆசை மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். ஓலைப் பெட்டிகளைப் பை நிறைய வாங்கினாலும் கனமே இருக்காது. திரும்பும்போது கை வலிக்குமே என்ற கவலையும் உங்களுக்கு வேண்டாம்!